மடியில் மஞ்சள் அரிசியோடு ஓடியவன்

எனக்குக் கல்யாணம் என்றால் பயம். பேரன் பேத்தி எடுத்த பிறகு இதை ஒப்புக்கொள்வதால் யாருக்கும் லாபமில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை, எங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும் என் மானம் போகிறது. காரணம் தொலைக்காட்சியில் வரும் ஒரு நகைச்சுவைத் தொடர். அதில் ஒரே வாடகை வீட்டில் மூன்று இளைஞர்கள். மூவருக்கும் காதலிக்கத் தெரியும். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் கை கால் உதறும். ஒருவன் பெண்ணின் அப்பா வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். இன்னொருவன் மோதிரம் வாங்கப் போய்க் குடை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். மூன்றாமவன், “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிச் சொல்லியே பல வாரங்களை ஓட்டிவிட்டான். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கும்போது ஒருவரும் தொலைக்காட்சியைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள்.

“இவனுக்கெல்லாம் ரெண்டு போலீஸ அனுப்பணும்லா,” என்பாள் என் மனைவி அஞ்சலை. “ஒரே நாள்ல சரியாயிடுவான்.”

எனக்கு அப்படித்தான் சரியானது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஆலையின் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற வேலை எனக்கு. கொழுந்துக் கூடைகள் கீழே வந்து இறங்கும் நேரத்தில் எனக்கு ஜன்னலோரம் ஏதாவது வேலை வந்துவிடும். கூடையோடு வருகிறவர்களில் கங்காணி பெருமாளின் மகள் அஞ்சலையும் இருப்பாள். நான் பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். குழாயடியில் இரண்டு வார்த்தை, கோயில் திருவிழாவில் நாலு வார்த்தை என்று இரண்டு வருஷம் போயிற்று. (கொழுந்து ஒரே ராத்திரியில் வாடிவிடுகிறது, ராமையா மட்டும் இரண்டு வருஷமாக வாடுகிறான் என்று ஆலையில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.)

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு வாய்ச் சோறுகூடப் போய்விடக் கூடாது என்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்காக எங்கள் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று உடம்பைத் தடவவிட்ட பிறகுதான் வெளியே போக முடியும். சாப்பாட்டுப் பொட்டலம் கூடாது. பிறகு அதுவும் போதாதென்று வீட்டில் அரிசியே இருக்கக் கூடாது என்றார்கள். பொதுச் சமையலறையில் சோறாக ஆக்கித் தருவார்கள், தட்டை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். யார் வீட்டிலாவது வேகாத அரிசி அகப்பட்டால் விசாரணை. கேட்டுக்கு வெளியே அகப்பட்டால் அதைவிட மோசம். கோலா தெர்லா பக்கத்திலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் வீட்டுச் சேவலைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வளர்த்தார்கள் என்பதுவரைதான் எங்களுக்குத் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் ஒருநாள் குழாயடியில் அஞ்சலை என்னிடம் நேரடியாகக் கேட்டாள், பெண் கேட்டு வரப்போகிறீர்களா இல்லையா என்று. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைத் தேடி வந்தது எங்கள் லயத்தில் அதுதான் முதல் தடவை. என்னை வளர்த்த அக்கா அவருக்குக் காப்பி ஊற்றுவதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டாள். பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவளைப் பிடிக்காமல் இல்லை. பிடித்ததுதான் தொல்லை. ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். லாரியில் ஏறும்போது அவர் என் அம்மாவைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்றார். அம்மா அந்த வார்த்தையை நம்பி, சாகும்வரை தினமும் சாயங்காலம் லாரி ரோட்டில் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அதிலிருந்து எனக்கு அந்த இரண்டு வார்த்தைகள் வாயில் வராது. கடைக்குப் போனாலும் ‘போறேன்’ என்றுதான் சொல்வேன், போகும்போது அபசகுனமாகப் பேசுகிறேனென்று அக்கா திட்டுவாள். திரும்பி வருவதாக ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வராமல் போவதைவிட, எதுவுமே சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஜாதகத்தில் கோளாறு, பல்லில் கோளாறு என்றெல்லாம் உளறிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பரிசத்தன்று காலை பெண் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை மஞ்சள் தடவி, மஞ்சள் துணியில் முடிந்து மாப்பிள்ளைக்கு அனுப்புவார்கள். அவன் அதை மடியில் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பெரியவர்கள் முன்னால் முடிச்சை அவிழ்த்து, அந்த அரிசியையே இருவர் தலையிலும் போடுவார்கள். நடுவில் அதைக் கீழே வைக்கக் கூடாது. அரிசியே இல்லாத ஊரில் அரிசி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. என் புத்தியில் அது அரிசியாகவே படவில்லை. மஞ்சள் பட்டுவிட்டால் அது அட்சதை. கேட்டில் நிற்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்கிற சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு அக்கா என் மடியில் முடிச்சை வைத்துக் கட்டினாள். எட்டரை மணிக்கு, முடி வெட்டிக்கொள்ளப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு, நான் கேட்டை நோக்கி நடந்தேன். டவுனுக்குப் போய், மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறி எங்காவது ரப்பர்த் தோட்டத்தில் மறைந்துவிடுவது என் திட்டம். வழியில் இரண்டு தடவை மடியைத் தொட்டுப் பார்த்தேன். சாக்கடையில் எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அவளை விட்டு ஓடத் துணிந்தவனுக்கு அவள் கொடுத்த முடிச்சை எறியத் துணிச்சல் வரவில்லை. சாமி காரியம், எறியக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கேட்டில் பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம், தலையில் கால் போத்தல் எண்ணெய். (இப்படி ஒரு பல்வலியை அவர் அதுவரை பார்த்ததில்லை.) மடியில் கை வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“பெராஸ்,” என்றார். மலாயில் அரிசி.

சாலையோரத்தில் இருந்த காவல் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. என் வயதுதான் இருக்கும். யார் கொடுத்த அரிசி, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. கங்காணி வீட்டு அரிசி என்று சொன்னால் அஞ்சலையின் அப்பா உள்ளே போவார். சொல்லாவிட்டால் நான் காட்டுக்குச் சாப்பாடு கடத்துகிறவன். ஆகவே வழியில் கிடந்தது என்றேன். மஞ்சள் யார் தடவியது என்றார். கிடக்கும்போதே மஞ்சளாகத்தான் இருந்தது என்றேன். பிறகு கோழிக்கு என்றேன். கோழி எங்கே என்றார். வாங்கப் போகிறேன் என்றேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

என்னைப் பின்னாலிருந்த கம்பி போட்ட அறையில் அடைத்துவிட்டு, தோட்டத்துக் கிராணியை வரவழைத்தார்கள். கிராணி ஆபீஸ் கணக்கப்பிள்ளை, ஆங்கிலம் தெரிந்தவர். கம்பி வழியாக என்னிடம் குனிந்து பேசியபோது அவருக்கு வியர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

“ராமையா, வெளையாடாத. ஒன்னை ஈப்போவுக்கு அனுப்ப எழுதறாங்க. அங்கேருந்து கைதி கேம்ப். அப்பறம் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிச்சிடுவாங்க.”

நான் பிறந்தது இந்த மலையில். இந்தியாவில் எனக்குத் தெரிந்தவர்கள் சாமிகள் மட்டும்தான். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே வேட்டி நனைந்துவிட்டது. அஞ்சலையின் அப்பா பெயரைச் சொன்னால் இனி அவள் முகத்தில் விழிக்க முடியாதே என்று நினைத்தேன். அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதானே காலையில் கிளம்பினாய் என்று எனக்குள்ளேயே ஒரு கேள்வியும் வந்தது.

அறையில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். திரிங்காப் பக்கத்துச் சீனர், காய்கறித் தோட்டக்காரர். நாற்பது வயதிருக்கும். முட்டைக்கோசுக் கூடைக்கு அடியில் ஒரு டின் பால் இருந்ததாம். குழந்தைக்கு வாங்கியது என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. என்னை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், அதிகாரியிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். இன்று எனக்குப் பரிசம். பெண் வீட்டு அரிசி. நான் ஓடிப்போகிறேன்.

“தாக்குட் காவின்?” என்றார். கல்யாணத்துக்கா பயம்?

ஆமாம் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். காட்டில் துப்பாக்கி, ரோட்டில் ராணுவம், அதற்கெல்லாம் பயப்படாமல் ஒரு பெண்ணுக்குப் பயந்து ஓடினாயா என்று சுவரில் சாய்ந்துகொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். இந்தக் கதையைக் கேட்டு முதன்முதலாகச் சிரித்தவர் அவர்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியிலிருந்த காவலர் கம்பியைத் தட்டி அடக்கினார்.

மதியம் தாண்டி அஞ்சலை வந்தாள். கூட என் அக்கா. கேட்டில் நடந்தது லயம் முழுக்கத் தெரிந்து, கங்காணி கிளம்பத் தயாரானபோது, நீங்கள் வரக் கூடாது என்று அப்பாவை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறாள். பரிசப் புடவையை மாற்றவில்லை. தலையில் பூ வாடியிருந்தது. கிராணி மொழிபெயர்க்க, அதிகாரியிடம் அவள் சொன்னதைக் கம்பிக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

“அரிசி எங்கப்பாவோடது இல்ல, என்னோடது. சமையல்கூடம் வர்றதுக்கு முந்தி, ரேஷன் சாக்கை ஒதறும்போது தையல்ல ஒட்டியிருந்ததப் பொறுக்கி வச்சேன். கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன். அரிசி இல்லாம பரிசம் இல்லீங்க. தப்புன்னா என்னப் புடிங்க.”

இரண்டு வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அவள் சாக்குத் தையலில் அரிசி பொறுக்கிச் சேர்த்திருக்கிறாள். எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அதிகாரிக்கு ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. இன்று உனக்குப் பரிசமென்றால், பெண் வீடு வேலிக்கு உள்ளே இருக்க, நீ ஏன் வெளியே போனாய் என்று என்னைக் கேட்டார். கோழி, பல், முடிவெட்டு எதுவும் இனி எடுபடாது. அஞ்சலை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடிப்போறேன், தொரை,” என்றேன்.

கிராணி இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். பிறகு மென்று விழுங்கிச் சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி அஞ்சலையைப் பார்த்து, இப்படிப்பட்டவனையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டார்.

“அத நான் அவருகிட்ட பேசிக்கிறேன். நீங்க அவர விட்டுருங்க.”

தோட்டத்துத் துரை ஒரு கடிதம் எழுதிக்கொடுத்திருந்தார், நான் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் லாயக்கில்லாதவன் என்று. அதுவும் உதவியது. அரிசியை மேசையிலிருந்து ஒரு காகித உறைக்குள் தள்ளி மூடிக்கொண்டார்கள். அஞ்சலை அதைத் திருப்பிக் கேட்டாள். தரவில்லை. மஞ்சள் துணியை மட்டும் கொடுத்தார்கள்.

கம்பிக் கதவைத் திறந்தபோது நான் அஞ்சலையிடம், உள்ளே இருப்பவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லேன் என்றேன். குழந்தைக்குப் பால்தான், பாவம் என்றேன்.

“அவரு பேரென்ன?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அரைநாள் ஒரே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். என் கல்யாணக் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி அறைக்குப் போய்க் கேட்பதற்குள் காவலர் கதவைச் சாத்திவிட்டார். நாங்கள் ரோட்டில் இறங்கி நடந்தபோது கொட்டகை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அவரைக் கையைக் கட்டி ஏற்றினார்கள். என்னைப் பார்த்துவிட்டு, அஞ்சலையைப் பார்த்து, தலையை ஆட்டினார். சிரித்தது போலத்தான் இருந்தது. பிற்பாடு திரிங்காப் லாரிக்காரர்களிடம் பல தடவை விசாரித்தேன். பெயர் தெரியாத ஆளைப் பற்றி யார் என்ன சொல்வார்கள்? அவர் வீட்டில் யார் ரோட்டில் வந்து நின்றார்களோ தெரியாது.

அஞ்சலை முன்னால் நடந்தாள், அக்கா நடுவில், கடைசியில் நான். அக்கா வாய் ஓயாமல் திட்டிவிட்டுக் களைத்துப்போன பிறகு, அஞ்சலை நின்று, எதற்கு ஓடினீர்கள் என்று கேட்டாள். அப்பாவைப் பற்றி, அம்மா ரோட்டில் நின்றதைப் பற்றிச் சொன்னேன். அந்த லாரியைப் பார்த்த பிறகு வேறெதுவும் சொல்ல வரவில்லை. அழுதுவிட்டேன்.

“வரேன்னு சொல்ல வேணாம்,” என்றாள். “ஓடிப்போறேன்னே சொல்லிட்டுப் போங்க. நான் தேடி வந்து கூட்டியாந்துக்கறேன். இன்னிக்கு வரலியா?”

அப்படியும் அவள் உடனே சம்மதிக்கவில்லை. போலீசிடம் சொன்னது போலீசுக்கு, இனி நீங்களாக வந்து கேட்டால்தான் என்று சொல்லிவிட்டாள். கேட்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. (உடனே கேட்டேன் என்று எழுத ஆசைதான். அவள் இதைப் படிப்பாள்.) கல்யாணத்துக்கு அரிசி இல்லை. ஆலையிலிருந்து தேயிலைத் தூளைக் கொண்டுவந்து, மஞ்சள் கலந்து அட்சதையாகப் போட்டார்கள். தாலி கட்டும்போது நான் தும்மிய தும்மலில் இரண்டாவது முடிச்சு அவிழ்ந்துவிட்டது, மறுபடி ஓடப் பார்க்கிறான் என்று கங்காணி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ‘போயிட்டு வரேன்’ சொல்வதில்லை. நான் வாசலில் செருப்பை மாட்டினால், “ஓடிப்போறேன்” என்பேன். “அரிசி இருக்கா?” என்று அஞ்சலை இடுப்பைத் தட்டிப் பார்ப்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் அதையே சொன்னார்கள், வாத்தியார் ஒருவர் பயந்துபோய் வீட்டுக்கு வந்து விசாரித்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது என் சின்ன மகன் அவர்களையும் அரிசி இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தான். வீட்டில் சொல்லப்படுகிற இந்தக் கதையில் அந்தத் திரிங்காப்காரர் கிடையாது. சிரிப்புக் கதையில் அவரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது அவருடைய இருமலும் எனக்குக் கேட்கும்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கதவுவரை கொண்டுபோய்விட்டார்கள். அஞ்சலை கூடவே வந்தாள். எங்கே கிளம்பிட்டீங்க என்றாள், வழக்கம்போல. இத்தனை வருஷம் என்னைத் தேடி வந்தவளுக்கு இந்தக் கதவுக்குள் வர அனுமதி இல்லை. அதனால், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொல்லிப் பார்த்தேன்.

“போயிட்டு வரேன்.”

துப்பாக்கி வைத்திருந்த அதிகாரிக்குப் பயப்படாதவள் அதற்குப் பயந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏன் இப்படியெல்லாம் பேசுறீங்க? ஒழுங்கா எப்பவும்போல சொல்லுங்க.”

“ஓடிப்போறேன்.”

“அரிசி இருக்கா?”

ஆஸ்பத்திரி அங்கியில் மடி ஏது? இருந்தாலும் அவள் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுவண்டியை விட்டாள்.